நகரின் இயற்கையைக் காப்பதில் மாநகராட்சியின் பங்கு: சென்னையை முன்வைத்து ஒரு பதில்

‘ஒரு நகரத்தின் இயற்கைச் சூழலைக் காப்பதில் மாநகராட்சியால் உண்மையில் என்ன செய்ய முடியும், மரக்கன்று நடுவதையும் பூங்கா திறப்பதையும் தவிர வேறு ஏதேனும் நடக்கிறதா?’ என்பது கேள்வி. பொதுப்படையாகப் பேசினால் இதற்குப் பயனுள்ள விடை கிடைக்காது என்பதால், எனக்கு நன்கு தெரிந்த சென்னையை வைத்தே பதில் சொல்கிறேன். என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். சென்னையின் ஆறு, ஏரி, சதுப்பு, கடற்கரை ஆகியவற்றில் பெரும்பாலானவை மாநகராட்சியின் பொறுப்பில் இல்லை. ஆனால் அவற்றுக்குள் என்ன வந்து சேர்கிறது என்பதைத் தீர்மானிக்கும் அன்றாட வேலைகள், அதாவது குப்பை அள்ளுவது, மழைநீரை வடிப்பது, தெருவிளக்கு எரிப்பது, வீடு கட்ட அனுமதி கொடுப்பது எல்லாம் அதன் கையில்தான் இருக்கின்றன. ஆகவே மாநகராட்சியின் சூழல் பணியை அதன் பூங்காக்களின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடுவதைவிட, இந்த அன்றாட வேலைகள் நடக்கும் விதத்தைக் கொண்டு மதிப்பிடுவதே சரி என்று நினைக்கிறேன்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. நகர்ப்புறக் காடு வளர்ப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, சூழலியல் மேம்பாடு ஆகியவை அதில் எட்டாவது இனமாக இருக்கின்றன. ஆனால் எந்தப் பணியை எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பதை மாநில அரசின் முடிவுக்கு விட்டுவிட்டதால், சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் 1978 முதல் குடிநீர் வாரியத்திடமும், பெருநகரத் திட்டமிடல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடமும், ஆறுகளும் பெரிய ஏரிகளும் நீர்வளத் துறையிடமும், சதுப்பு வனத் துறையிடமும் இருக்கின்றன. மாநகராட்சியிடம் எஞ்சியவை சாலை, வடிகால், குப்பை, விளக்கு, பூங்கா, சிறிய குளம் குட்டைகள், சிறிய கட்டடங்களுக்கான அனுமதி ஆகியவைதாம். கேட்பதற்கு இவை சாதாரணமாகத் தோன்றலாம். இவற்றில் ஒன்று தவறினால் ஒரு சதுப்பு நிலமே என்ன ஆகும் என்பதற்குத் தென்சென்னையில் கண்கூடான சான்று இருக்கிறது.

தென்சென்னையின் சதுப்பு நிலமான பள்ளிக்கரணைக் கழுவெளி ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்ததாக மதிப்பிடப்படுகிறது. சுற்றிலும் உள்ள 30க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் கழிமுகத்துக்கும் சென்று கடலில் கலக்கும். வடகிழக்குப் பருவத்தில் தென்சென்னையின் மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே விடும் இந்தத் தாழ்நிலம், வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்காக இருந்ததால் யாருக்கும் வேண்டாத நிலமாகவே நடத்தப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், காற்றாலை ஆய்வு நிறுவனம், பறக்கும் ரயில் பாதை, பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவன வளாகங்கள், சதுப்பைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பல்லாவரம் துரைப்பாக்கம் 200 அடிச் சாலை என்று ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. இன்று எஞ்சியிருப்பது பழைய பரப்பில் மிகச் சிறிய பங்குதான்.

இவற்றுள் மாநகராட்சி தன் கையாலேயே செய்தது பெருங்குடிக் குப்பைக் கிடங்கு. 1980களில் தொடங்கி, சதுப்பின் ஒரு பகுதியில் நகரத்தின் குப்பை கொட்டப்பட்டு, சுமார் 225 ஏக்கர் பரப்புக்கு அது மலையாக வளர்ந்தது. இதில் பலரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. 2011 வரை சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர்தான். பெருங்குடியும் பள்ளிக்கரணையும் அப்போது தனிப் பேரூராட்சிகள். அதாவது நகரம் தன் எல்லைக்கு வெளியே, தனக்கு வாக்களிக்காத மக்களின் வாசலில், தன் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தது. 2011இல் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது அந்தக் குப்பைமேடு நகரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அங்கே குடியிருப்போர் மாநகராட்சியின் வாக்காளர்கள் ஆனார்கள். கிடங்கைப் பற்றிய பேச்சின் தொனி அதற்குப் பிறகுதான் மாறியது என்பது என் கணிப்பு. தன் எல்லைக்கு வெளியே உள்ள இயற்கையைக் காக்க எந்த உள்ளாட்சிக்கும் இயல்பான உந்துதல் இருப்பதில்லை. நகர எல்லைகளை வகுப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் குப்பைமேட்டின் அடியிலிருந்து கறுத்த கசிவுநீர் சதுப்புக்குள் இறங்கும். கோடையில் மேட்டுக்குள் உருவாகும் எரிவாயு தீப்பிடிக்கும். 2022 ஏப்ரல் இறுதியில் பற்றிய தீ பல நாள்கள் அணையாமல் எரிந்து, சுற்று வட்டாரத்தையே புகையில் மூழ்கடித்தது. இதே இடத்தில், சாலையோர வேலிக்கு அப்பால், சம்பும் கோரையும் அடர்ந்த நீரில் நீலத் தாழைக்கோழிகள் கூட்டமாக மேய்வதையும், கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்துவதையும், நீர் வற்றும் காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குவதையும் பேருந்தில் இருந்தபடியே பார்க்கலாம். இத்தனைக்குப் பிறகும் அந்தச் சதுப்பு உயிரோடு இருக்கிறது என்பதுதான் அதைக் காக்க வேண்டும் என்பதற்கான முதல் காரணம்.

இந்தக் கிடங்கை அகற்ற மாநகராட்சி கையில் எடுத்த வழி பயோமைனிங் எனப்படும் உயிரி அகழ்வு முறை. தொடக்கத்தில் சுமார் 34 லட்சம் கன மீட்டர் பழைய குப்பை இருப்பதாகக் கணக்கிடப்பட்டு, ஏறத்தாழ 350 கோடி ரூபாய்த் திட்டமாக இது தொடங்கியது. பொக்லைன் இயந்திரத்தால் மேட்டை அடுக்கடுக்காக வெட்டி, வெட்டிய குப்பையை நீளமான வரப்புகளாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்துச் சில நாள்கள் ஆற விடுகிறார்கள். ஈரமும் நாற்றமும் குறைந்தபின் அதைச் சுழலும் பெரிய உருளைச் சல்லடைகளில் போட்டுச் சலிக்கிறார்கள். கீழே உதிர்வது மக்கிய மண். கல், செங்கல், காரை எல்லாம் தனியே பிரிந்து தாழ்வான நிலங்களை நிரப்பப் போகின்றன. எரியக்கூடிய நெகிழித் துண்டு, துணி, ரப்பர் ஆகியவை கட்டுகளாகி, சிமென்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகச் செல்கின்றன. பல ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் உருக்குலையாமல் வெளியே வரும் பால் கவரையும் ஷாம்பு பாக்கெட்டையும் பார்த்தவர்களுக்கு, குப்பையை வீட்டு வாசலிலேயே பிரித்திருந்தால் இந்த மலை எவ்வளவு சிறியதாக இருந்திருக்கும் என்பது உடனே விளங்கும்.

பெருங்குடிப் பணி உண்மையான சாதனை என்றே கருதுகிறேன். ஓர் உள்ளாட்சி தான் நாற்பது ஆண்டுகளாகச் செய்த சேதத்தைத் தன் செலவிலும் அரசுகளின் நிதியிலும் திருப்பி எடுப்பது எளிதில் நடப்பதில்லை. வடசென்னையில் இதைவிடப் பெரிய கொடுங்கையூர்க் கிடங்கிலும் இதே பணி, சுமார் 640 கோடி ரூபாய் மதிப்பில், எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டு கேள்விகள் பாக்கி இருக்கின்றன.

முதலாவது, மீட்ட நிலத்தை என்ன செய்வது என்பது. பெருங்குடியில் மீட்ட நிலத்தின் ஒரு பகுதியில் சூழல் பூங்கா அமைக்கலாம் என்ற யோசனையை மாநகராட்சி முன்வைத்தபோது சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நடைபாதை, மின்விளக்கு, சிற்றுண்டிக் கடை, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றோடு வரும் பூங்கா, பெயரில் எவ்வளவு பசுமை இருந்தாலும், கட்டுமானமே. சதுப்பிலிருந்து எடுத்த நிலம் சதுப்புக்கே திரும்ப வேண்டும். அங்கே மழைநீர் நிற்க வேண்டும். மனிதர் நடமாட்டம் குறைவாக இருக்க வேண்டும். ஏரியைச் சீரமைக்கிறோம் என்று தொடங்கி, வில்லிவாக்கம் ஏரியில் கண்ணாடித் தொங்குபாலம் வரை போனதைப் பார்த்தவர்கள் இந்த எச்சரிக்கையை மிகை என்று சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியமானது. சென்னையில் நாள்தோறும் 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது சமையல் கழிவு, காய்கறிக் கழிவு, தழை போன்ற மக்கும் பொருள். திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை உருவாகும் இடத்திலேயே பிரித்துத் தர வேண்டும் என்கின்றன. பிரித்த குப்பையைப் பிரித்தபடியே கொண்டுபோக வண்டியில் தனித்தனி இடமும், கொண்டுபோன மக்கும் குப்பையை உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வார்டுக்கு அருகில் கூடமும், இரண்டையும் நடத்தத் தூய்மைப் பணியாளர்களும் இருந்தால்தான் அந்த விதி உயிர் பெறும். இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் கலப்புக் குப்பை கிடங்குக்கே போகும். ஒரு பக்கம் மலையைக் கரைத்துக்கொண்டே மறு பக்கம் புது மலையைக் கட்டிக்கொண்டிருப்போம். கலப்புக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்ற திட்டம் கொடுங்கையூருக்கு முன்மொழியப்பட்டபோது, 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்து எதிர்த்தார்கள். ஏற்கெனவே அனல்மின் நிலையங்களும் எண்ணெய் ஆலையும் உள்ள பகுதியில் இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்ற அவர்களின் கோரிக்கையை நான் முழுமையாக ஏற்கிறேன். ஈரக் குப்பை மிகுந்த நம் ஊர்க் குப்பை நன்றாக எரியாது என்பது ஒருபுறம். உலை ஒன்றை நிறுவிவிட்டால் அதற்குத் தீனி போடவாவது குப்பையைக் குறைக்காமல் இருக்க வேண்டிய நிலை வரும் என்பது மறுபுறம்.

தூய்மைப் பணியாளர்களைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் பணியாளர்கள், தங்கள் பணியைத் தனியாருக்கு ஒப்படைப்பதை எதிர்த்து மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் வாசலில் இரவு பகலாக அமர்ந்திருந்தார்கள். நகரின் சூழல் பாதுகாப்பைப் பேசும் ஆவணங்களில் இவர்களைப் பற்றி ஓரிரு வரிக்கு மேல் இருப்பதில்லை. எந்த வீட்டில் பிரித்துத் தருகிறார்கள், எந்தத் தெருமுனையில் கட்டட இடிபாட்டை இரவில் கொட்டுகிறார்கள், எந்தக் கால்வாயில் கோழிக்கடைக் கழிவு விழுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். குறைந்த கூலிக்கு நிலையற்ற ஒப்பந்தத்தில் அவர்களை வைத்துக்கொண்டு சதுப்பைக் காக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது மழை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் சில நாள்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதையும் ஒரே கதையின் அத்தியாயங்களாகப் பார்க்க வேண்டும். மண்ணுக்குள் இறங்க வேண்டிய நீரை மேலே நிறுத்தினால் வெள்ளம். கடலுக்கு விரட்டினால் அடுத்த கோடையில் வறட்சி.

இதில் மாநகராட்சியின் முதன்மைக் கருவி மழைநீர் வடிகால். வெள்ளத்துக்குப் பிறகு கடன் நிதியில் பெருந்திட்டங்கள் வந்தன. கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி நிதியும், கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனி வங்கி நிதியும் கிடைத்தன. நீர் தேங்கும் களிமண் பகுதிகளில் வடிகால் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கொட்டிவாக்கத்திலிருந்து தெற்கே உத்தண்டி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதி மணற்பாங்கானது. அங்கே எவ்வளவு மழை பெய்தாலும் மணல் உறிஞ்சிக்கொள்ளும். அப்படி இறங்கிய நன்னீர்தான் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வராமல் எதிர்த்து நிற்கிறது. அந்த மணலுக்குள் கான்கிரீட் வடிகால் அமைத்து மழையைக் கொண்டுபோவது எதற்கு என்று குடியிருப்போர் கேட்டார்கள். விவகாரம் சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அவர்கள் எழுப்பியது மிக எளிய கேள்வி. ஒவ்வொரு தெருவின் மண்ணையும் தோண்டிப் பார்த்து, அதற்கேற்ப வடிகாலோ உறிஞ்சுகுழியோ அமைப்பதற்கு மாறாக, நகரம் முழுவதும் ஒரே அச்சு வடிகாலை வைப்பது ஒப்பந்தப்புள்ளிக்கு வசதியாக இருக்கலாம். நிலத்தின் இயல்புக்குப் பொருந்தாது.

இந்த விமர்சனம் ஓரளவு காதில் விழுந்திருக்கிறது. பூங்காக்களில் நிலத்தைத் தாழ்த்திக் குளம் வெட்டி, அக்கம்பக்கத் தெருக்களின் மழைநீரை அதில் விடும் ‘ஸ்பாஞ்ச் பூங்கா’க்கள் நகரின் பல இடங்களில் அமைக்கப்பட்டிருக்கின்றன. கோடையில் காய்ந்து கிடக்கும்போது பயனற்ற பள்ளம்போலத் தோன்றும். ஐப்பசி மழைக்குப் பிறகு பக்கத்து வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்த்தால் அதன் மதிப்பு தெரியும். வண்டல் நீக்காமல் விட்டால் இரண்டு மூன்று பருவத்தில் தூர்ந்துவிடும் என்பதால், அமைப்பதற்கு ஒதுக்கிய பணத்தைவிட ஆண்டுதோறும் பராமரிக்க ஒதுக்கும் பணத்தைத்தான் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கிண்டியில் குதிரைப் பந்தய மைதானத்தின் நிலத்தை 2024 செப்டம்பரில் மாநில அரசு மீட்டு, 118 ஏக்கரைச் சூழல் பூங்காவுக்காகத் தோட்டக்கலைத் துறையிடம் கொடுத்தது. அங்கே மாநகராட்சி குளங்கள் வெட்டியிருப்பதை, அண்மைக் காலத்தின் மிக நல்ல முடிவுகளுள் ஒன்றாகச் சொல்வேன். கிண்டி மேட்டிலிருந்து ஓடும் மழைநீர்தான் வேளச்சேரியை மூழ்கடிக்கிறது. அதை மேலேயே நிறுத்துவது வேளச்சேரிக்கும் அதற்குக் கீழே உள்ள சதுப்புக்கும் ஒருசேர நன்மை.

வீட்டளவில் மழைநீர்ச் சேகரிப்பை 2003இல் அவசரச் சட்டத்தின் மூலம் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய முன்னோடி மாநிலம் தமிழ்நாடு. அடுத்தடுத்த ஆண்டுகளில் சென்னையின் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். இன்று அந்தக் குழாய்களில் பல உறிஞ்சுகுழிக்குப் போகாமல் தெருவில் நீரைக் கொட்டுகின்றன. குழிகள் சேறடைத்துக் கிடக்கின்றன. சில வீடுகளில் மொட்டைமாடிக் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியிலேயே இணைத்திருக்கிறார்கள். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து உடனடி அனுமதி பெறலாம் என்ற நடைமுறை வந்திருக்கிறது. அலைச்சலையும் கையூட்டையும் குறைக்கும் என்பதால் இதை வரவேற்கிறேன். ஆனால் உறிஞ்சுகுழி இருக்கிறதா, மனையில் மண்தரை மிச்சம் இருக்கிறதா என்பதைப் பருவமழைக்கு முன் மாதிரிக்குச் சில வீடுகளிலாவது நேரில் சோதிக்கும் ஏற்பாடு கூடவே வந்திருக்க வேண்டும்.

மரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தது. விரைவில் வளரும் என்பதற்காக நட்ட அயல்மரங்கள் அதில் மிகுதி. கான்கிரீட் நெருக்கிய வேர்களும் சாலைக்காக வெட்டுண்ட வேர்களும் அவற்றைத் தாங்கவில்லை. அதன்பின் மாநகராட்சி, கன்றுகளை மிக நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையில் அடர்காடுகளை வளர்க்கத் தொடங்கியது. கோட்டூர்புரத்தில் 2020இல் தொடங்கிய காடு அவற்றுள் முந்தியது. குப்பை கொட்டிக் கிடந்த இடத்தில் நிழல் வருவது நல்லதே. ஆனால் தெருவோரத்தில் முப்பது ஆண்டு நிற்கும் ஒரு புங்கையோ பூவரசோ தரும் குளிர்ச்சி, ஒரு மூலையில் வேலிக்குள் நிற்கும் காட்டால் நடப்பவர்களுக்குக் கிடைக்காது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை அறிவிக்கும் மாநகராட்சி, மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதையும் வார்டுவாரியாக அறிவிக்க வேண்டும். சாலை போடும்போது அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணை விட்டுவைப்பதற்கு ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவாவதில்லை.

செலவில்லாத வேலைகளில் இன்னொன்று கடற்கரை விளக்கு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மெரினா, பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலான மணலில் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி முட்டையிடுகின்றன. பொரித்து வெளிவரும் குஞ்சு, வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே நகரும். இயற்கையில் அது கடலின் மினுக்கம். உயர்கோபுர விளக்கு எரிந்தால் குஞ்சுகள் சாலைப் பக்கம் திரும்பி, நாய்க்கும் வண்டிக்கும் பலியாகும். தன்னார்வ மாணவர்கள் 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்துவருகிறார்கள். வனத் துறை கேட்டுக்கொள்ள, மாநகராட்சி பருவ மாதங்களில் நள்ளிரவு நேரத்தில் இந்த விளக்குகளை அணைக்கும் ஏற்பாடு செய்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து கரையொதுங்கியதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்ட இழுவைமடிப் படகுகளை மாநகராட்சியால் கட்டுப்படுத்த முடியாது. விளக்கை அணைப்பது அதனால் முடியும். ஆண்டுதோறும் யாரும் நினைவூட்டாமலே அதைச் செய்ய வேண்டும்.

பிரிந்து கிடக்கும் அதிகாரத்தின் விளைவைச் சொல்லாமல் இந்தப் பதில் முழுமை பெறாது. பள்ளிக்கரணைக்கு நீர் தரும் செம்பாக்கம் போன்ற ஏரிகள் இருப்பது 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில். அங்கே ஒரு தெருவின் கழிவுநீர் ஏரியில் விழுந்தால், உபரிநீரோடு அது சதுப்புக்கு வந்துவிடும்; சென்னை மாநகராட்சி என்ன செய்தாலும் தடுக்க முடியாது. சென்னைக்குள்ளேயே வடிகால் மாநகராட்சியுடையது, அதில் திருட்டுத்தனமாக இணைக்கப்பட்ட கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, அது போய் விழும் கூவம் நீர்வளத் துறையுடையது. ஒருவரை ஒருவர் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிட இந்த அமைப்பு இடம் கொடுக்கிறது. சதுப்பின் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு, 2022இல் 1,247.54 ஹெக்டேர் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகும், அதன் விளிம்பில் அடுக்குமாடிகளுக்கு அனுமதி போய்க்கொண்டே இருந்தது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பின் தாக்கப் பகுதி அறிவியல் முறையில் வரையறுக்கப்படும் வரை ராம்சார் எல்லையைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதி வழங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. தீர்ப்பாயம் சொல்வதற்கு முன்பே உள்ளாட்சியும் திட்டமிடல் அமைப்பும் தாமாகச் செய்திருக்க வேண்டிய வேலை இது.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. கூவம் கரையை மீட்கிறோம் என்று அங்கிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்களில் பலருக்கு மாற்று வீடு கொடுக்கப்பட்ட இடம் பெரும்பாக்கம். பள்ளிக்கரணைக்கு நீர் போகும் தாழ்நிலத்தில் எழுப்பிய அடுக்குமாடிகள் அவை. ஓர் ஆற்றின் கரையைத் திறக்க, இன்னொரு வெள்ள வழியில் மக்களைக் குடியமர்த்தியிருக்கிறோம். அவர்கள் தங்கள் வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் விட்டு வெகுதூரம் போனார்கள். கரையில் குடிசை போட்டவரை அகற்றிய வேகம், நீர்நிலைக்குள் கட்டிய பெருங்கட்டடங்கள் விஷயத்தில் காணப்படவில்லை. சூழல் பாதுகாப்பு என்ற பெயருக்கு மக்களிடம் நம்பிக்கை குறைவதற்கு இதுவே காரணம்.

2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. தனி அலுவலர்கள்தாம் நிர்வகித்தார்கள். வடிகால் திட்டங்களின் பெரும்பகுதி மக்கள் பிரதிநிதிகளின் விவாதம் இல்லாமலே தீர்மானிக்கப்பட்டது அந்த ஆண்டுகளில்தான். 2022 தேர்தலுக்குப் பிறகு வார்டு குழுக்களும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைகளும் நடைமுறைக்கு வந்தன. முதல் பகுதி சபைகள் அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கூடின. 2023இல் மாநகராட்சி தன் காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டு, 2050க்குள் கார்பன் சமநிலை எட்டுவதை இலக்காக அறிவித்தது. அந்த ஆவணத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. அதில் உள்ளவை ஆண்டு நிதிநிலை அறிக்கையில் எந்தத் தலைப்பில், எவ்வளவு தொகையோடு வருகின்றன என்பதைப் பார்ப்பதுதான் நம் வேலை.

நீங்கள் சென்னைவாசி என்றால், அடுத்த பகுதி சபைக்குப் போகும்போது கவுன்சிலரிடமும் உதவிப் பொறியாளரிடமும் மூன்று விவரங்களைக் கேளுங்கள். நம் வார்டில் சேரும் மக்கும் குப்பை எந்த உரக்கூடத்துக்கு, நாளொன்றுக்கு எத்தனை டன் போகிறது. நம் தெரு வடிகால் எங்கே போய் விழுகிறது, அதில் எத்தனை கழிவுநீர் இணைப்புகள் கண்டுபிடிக்கப்பட்டுத் துண்டிக்கப்பட்டன. வார்டுக்குள் இருக்கும் குளம், குட்டை, திறந்தவெளி ஆகியவற்றின் அளவும் எல்லையும் பதிவேட்டில் என்ன, நேரில் என்ன. வாய்மொழிப் பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல் மூன்றையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். எழுத்தில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போதும். மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.